எட்டே முக்கால் மணி நேரம் இல்லீங்க, பதினாலே கால்

"ஏனுங்க தம்பி, லண்டன் எவ்வளவு தூரமுங்க?"

கொழிஞ்சாம்பாறையில் டிராவல்ஸ் நடத்தும் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியிலிருந்து வான்வழியாகச் சுமார் 8,200 கிலோமீட்டர். ஆனால், போகிறவருக்கு அந்த எண்ணால் பெரிய உபயோகம் இல்லை. துபாய் கிட்டத்தட்ட அதே வழியில்தான் இருக்கிறது. அங்கே இறங்கி ஏறினாலும் தூரம் அவ்வளவாகக் கூடாது, நேரம்தான் கூடும்.

ஜனவரியில் வேலந்தாவளத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்குப் பேறுகாலம், முதல் விமானப் பயணம். மருமகன் அனுப்பிய டிக்கெட்டில் நெடும்பாசேரி காலை 4.30, லண்டன் பகல் 1.15 என்று இருந்தது. "எட்டே முக்கால் மணி நேரந்தானுங்களே, ஒரு வேளை மாத்திரை போதுமுங்க" என்றார். அவருக்குச் சர்க்கரை. மீதி மாத்திரையும் இன்சுலினும் பெரிய பெட்டிக்குள்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணிதான் போட்டிருக்கும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால். சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு மணிக்குப் பக்கத்திலும் நம்மூர் மணியை எழுதினேன். துபாயில் இறங்குவது காலை 8.30, மறுபடி ஏறுவது 11.15, லண்டனில் இறங்குவது மாலை 6.45. ஆக பதினாலே கால் மணி நேரம்.

அதோடு முடியவில்லை. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். திருச்சூர் பக்கம் மண்ணுத்தி தாண்டினால் வண்டி எங்கே மாட்டும் என்று சொல்ல முடியாது. அதனால் முந்தின நாள் ராத்திரி 10 மணிக்கே கிளம்பச் சொன்னேன். லண்டனில் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, டாக்ஸி எல்லாம் சேர்த்தால் வீட்டுப் படியிலிருந்து மகள் வீட்டுக்கு 23 மணி நேரம். டாக்டரிடம் இந்தத் தாளைக் காட்டி எப்போது என்ன சாப்பிடுவது என்று எழுதி வாங்கச் சொன்னேன். மருந்தையும் டாக்டர் சீட்டையும் கைப்பைக்கு மாற்றினோம். சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம்.

தேதியையும் பாருங்கள். 15-ம் தேதி 00.40 என்றால், 14-ம் தேதி ராத்திரி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஒரு குடும்பம் 15-ம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பியது. விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. நாலு டிக்கெட்டும் வீண். இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம், அந்த அம்மா ஏப்ரலில் திரும்புவதற்குத் தனித்தாள் எழுதினேன். மார்ச் கடைசி ஞாயிறன்று லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், வித்தியாசம் நாலரை மணி ஆகிவிடும். கிழக்கே வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் லண்டன்–துபாய் நேரமும் பெரும்பாலும் அரை மணிக்கு மேல் குறையும். போகும் தாளைப் பார்த்து வரும்போது மாத்திரை போட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்.