நாற்பத்தைந்தில் மாறும் வேண்டுதல்

கும்பகோணம் பக்கம் ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆலோசனை சொல்பவர்களுக்குத் தெரியும், முதல் சந்திப்பில் டாக்டர் ஃபைலுக்கு முன்னால் கோயில் பட்டியல்தான் வரும். பேச்சு வர சீர்காழி திருக்கோலக்கா, புதனுக்குத் திருவெண்காடு, ராகுவுக்குத் திருநாகேஸ்வரம். போகாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. சரியாகத் தூங்கியே வருஷக்கணக்கான ஒரு தாய்க்கு யாரும் கேள்வி கேட்காமல் போய் உட்கார ஓர் இடம் வேண்டுமே. பிரதோஷக் கூட்டத்தில் தவில் சத்தத்துக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை இழுத்துப் போகாமல், சாயங்காலம் நடை திறந்த உடனே போய்விட்டு வாருங்கள் என்பேன், அவ்வளவுதான்.

"போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேனோ" என்று அழும்போதுதான் எனக்குக் கோபம் வரும். அவர் மேல் இல்லை. ஜாதகம் பார்த்தவரும் சொந்தக்காரர்களும் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அவரே நம்பிவிட்டார். ஊரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. லியோ கேனர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்துக் கட்டுரை எழுதிய பிறகு, தாய் பாசம் காட்டாததுதான் காரணம் என்று மேல்நாட்டு நிபுணர்களே பல வருஷம் சொல்லித் திரிந்தார்கள். அது தவறென்று எப்போதோ முடிவாகிவிட்டது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது, மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பிள்ளைக்கு மீசை அரும்பும் வயதில் அம்மாவுக்கு மாதவிடாய் நிற்கும் காலம் தொடங்குகிறது, இரண்டும் ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் நடப்பதை யாரும் பேசுவதில்லை. மே மாத மதியம் கரண்ட் போகிறது, ஃபேன் நின்றதும் அவன் தலையைச் சுவரில் முட்ட ஆரம்பிக்கிறான், இவருக்கோ உடம்பெல்லாம் தீயாய் எரிந்து வேர்த்துக் கொட்டுகிறது, இவரை விட ஒரு சாண் உயரமாகிவிட்டவனைப் பிடித்து நிறுத்தவும் முடியவில்லை. மகளிர் மருத்துவரைப் பாருங்கள் என்றால் "எனக்கென்ன மேடம், அவனைப் பாருங்க" என்பார். வலிப்பும் இந்தப் பருவத்தில் புதிதாகத் தலைகாட்டலாம். ஒரு மண்டலம் கோயிலில் தங்குவதாக வேண்டிக்கொண்டவர்கள் தங்கட்டும், வலிப்பு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவதுதான் ஆபத்து.

வேண்டுதலும் இந்த வயதில்தான் மாறுகிறது. "பேச்சு வரணும்" என்றவர் இப்போது "எனக்கு முன்னாடி அவனைக் கூப்பிட்டுக்கோ" என்கிறார். கேட்பவர்கள் பதறுகிறார்கள், கல்நெஞ்சம் என்கிறார்கள். களைத்துப்போன மனசு அப்படித்தான் பேசும், ஆனால் அதே பேச்சு திரும்பத் திரும்ப வந்தால், பசியும் தூக்கமும் போய்விட்டால், அது மனச்சோர்வாக இருக்கலாம், மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தனக்குப் பிறகு அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயம்தான் அந்த வேண்டுதலுக்கு அடியில் இருக்கிறது, அதில் கொஞ்சத்தையாவது காகிதத்தால் குறைக்கலாம். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது முடிந்த ஆட்டிசம் உள்ளவருக்கு, தேவைப்பட்டால், சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இதே சட்டத்தின் கீழ் வரும் நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் வரை. மாற்றுத்திறனாளி சான்றிதழையே இன்னும் வாங்காத குடும்பங்கள் உண்டு, கல்யாணச் சந்தையில் அக்காவுக்குப் பாதகமாகிவிடுமாம்.

அதே அக்காவின் பெயரைத்தான் பிற்பாடு காப்பாளர் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அவளிடம் கேட்டீர்களா என்றால் அப்பா ஜன்னல் பக்கம் பார்க்கிறார். கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன், அவள் முடியாது என்றால் சித்தப்பாவோ, பதிவு பெற்ற அமைப்போ என்று அடுத்த முறை பேசுவோம்.