கடைசியாய் நல்லாய் இருந்தது எத்தனை மணிக்கு?

பாரிசவாதம் வந்தவரைத் தூக்கிக்கொண்டு வருகிற வீட்டுக்காரரிடம் நான் முதலில் கேட்பது மணிதான். ஆள் கடைசியாய் நல்லாய் இருந்ததை யார் பார்த்தது, அப்போது எத்தனை மணி? பலருக்குக் கோபம் வரும். மனுசன் வாய் கோணிப்போய்க் கிடக்கிறார், இந்த டொக்டர் நின்று மணி கேட்கிறார் என்று முகத்திலேயே தெரியும்.

வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர், அறுபது தாண்டியவர். விடிய ஐந்தரைக்கு மனைவி கொடுத்த தேத்தண்ணி வாயின் இடப்பக்கத்தால் வழிந்திருக்கிறது. எழும்பிச் சாரத்தை முடியப் பார்த்தால் இடக்கை வரவில்லை. ஏழு மணிக்கு முன்பே கொண்டுவந்துவிட்டார்கள், கெட்டிக்காரச் சனம். ஆனால் இரவு ஒன்பதரைக்குப் படுத்தவர் என்றார் மனைவி. நித்திரையில் வந்த வாதத்துக்குப் பொதுவாகப் படுத்த நேரத்தில் இருந்துதான் கணக்கு, அப்படிப் பார்த்தால் ஒன்பது மணித்தியாலம் கடந்துவிட்டது; இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கோ நாலரை மணித்தியாலம்தான் எல்லை. அப்போதுதான் பின்னால் நின்ற பேத்தி வாய் திறந்தாள்: "அப்பப்பா நாலு மணிக்கு எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணி விட மோட்டர் போட்டவர் டொக்டர். நான் படிச்சுக்கொண்டு இருந்தனான், என்னோட கதைச்சவர். நல்லாத்தான் நடந்து போனவர்."

சரி, அப்படியென்றால் எட்டரை வரை நேரம் இருக்கிறது! ஸ்கானில் இரத்தக் கசிவு இல்லை. ஏழே முக்காலுக்கு ஊசி ஏறியது. எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை, ஊசி போட்டும் பலன் கிடைக்காதவர்கள் உண்டு. இவருக்குக் கை திரும்பியது, விரல்களில் மட்டும் கொஞ்சம் மந்தம்.

பெரும்பாலான வாதங்களில் மூளைக்குப் போகிற நாடியை இரத்தக்கட்டி அடைத்திருக்கும், மற்றவற்றில் நாடி வெடித்து இரத்தம் கசிந்திருக்கும். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான், எனக்கும் சி.டி. ஸ்கான் பார்க்காமல் தெரியாது. கசிவு உள்ளவருக்கு அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. மாரடைப்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டு வீட்டில், இரத்தம் உறைவதைக் குறைக்கிற அஸ்பிரினைக் கொடுக்கிறவர்களை நான் ஏசுவதும் இதனால்தான். பெரிய நாடி ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன. இத்தனைக்கும் பெரும்பாலும் நோகாது. அதுதான் இந்த வருத்தத்தின் சனியன். நெஞ்சு நொந்தால் ஓடிவருகிற சனம், கை விறைத்தால் படுத்து எழும்பினால் சரியாகிவிடும் என்று இருந்துவிடும்.

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா. இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தானாகக் கீழே இறங்குகிறதா. பேச்சு குளறுகிறதா. திடீரென்று வந்த இதில் ஒன்று போதும், 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம், 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. நெடுந்தீவுக்காரருக்குப் படகேறிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வருவதற்கே நேரம் போய்விடும், அவர்கள் ஒரு நிமிடமும் யோசிக்கக் கூடாது. ஸ்கான் இல்லாத இடத்துக்குப் போய் நின்று நேரத்தை விடாதீர்கள். இங்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இருக்கிறது.

நேரத்தைத் தின்கிற வேலைகள் எங்கள் வீடுகளில் நிறைய. கனடாவில் இருக்கிற மகனுக்குப் போன் எடுத்து முடிவு கேட்பது, எண்ணெய் போட்டு உருவுவது, பிரஷர் ஏறிவிட்டது என்று குளிசையில் இன்னும் ஒன்றைக் கொடுப்பது. பிரஷரை வீட்டில் சடாரென்று இறக்கினால் மூளைக்குப் போகிற கொஞ்ச இரத்தமும் குறைந்துவிடும். தேத்தண்ணியும் தண்ணியும் வேண்டாம், விழுங்க இயலாமல் நுரையீரலுக்குள் போகும். திருநீறு பூசுங்கள், வாகனத்தில் வைத்துப் பூசுங்கள்.

அப்புறம், பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிப்போன விறைப்பு. அதற்கு யாரும் வருவதில்லை. பெரிய வாதம் வருவதற்கு அடுத்த இரண்டு நாளும்தான் ஆகவும் ஆபத்தான நாட்கள், அதனால் சரியானவரும் அன்றைக்கே வர வேண்டும்.

தோட்டக்காரர் தைப்பொங்கலோடு பிரஷர் குளிசையை விட்டிருந்தார். "அளந்து பாத்தால் நல்லாத்தானே இருந்தது" என்றார். குளிசை போட்டதால்தான் ஐயா நல்லாய் இருந்தது என்றேன், சிரித்தார், வாய் இரண்டு பக்கமும் ஒரே அளவாய்ப் போனது.

வரும்போது கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வோர்பரின் மாதிரி ஏதாவது எடுக்கிறார் என்றால், அதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.