கூடாரத்துக்கு அடியில் நகரும் தீவு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், அட்லாண்டிக் பெருங்கடலை நேராகப் பார்த்திருக்கும் மாநிலப் பூங்கா ஒன்றே ஒன்றுதான் உள்ளது. அஸட்டீக் என்னும் தீவில் இருக்கும் அந்தப் பூங்காவில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளக் கடற்கரையும், மணல்மேடுகளுக்குப் பின்னால் கூடாரம் அடித்துத் தங்குவதற்கான இடங்களும் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்களை அங்கே முதலில் ஏமாற்றுவது கூடாரத்தின் முளைதான். மலைக்காட்டில் இரவு முழுவதும் அசையாமல் நின்ற முளை, இங்கே பிற்பகல் கடற்காற்றின் முதல் வீச்சிலேயே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

களிமண்ணின் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். உலர்ந்த மணலுக்கு அந்தப் பற்று கிடையாது. மணல் பரல்களுக்கு இடையிலான உராய்வு ஒன்றே முளையைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த உராய்வோ மேலிருந்து அழுத்தும் மணலின் எடையைப் பொறுத்தது. ஆழம் கூடக்கூட எடையும் கூடுவதால், முளை புதையும் ஆழத்தை இரு மடங்காக்கினால் அதன் பக்கவாட்டுப் பிடிமானம் ஏறக்குறைய 4 மடங்காகிறது. பழகியவர்கள் முளையையே நம்புவதில்லை. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். கயிற்றைக் காற்று இழுத்தால், பையோடு சேர்ந்து அதன் மேல் கிடக்கும் மணல் முழுவதும் ஆப்பு வடிவில் எழுந்தாக வேண்டும் என்பதால் கூடாரம் நிலைத்து நிற்கிறது. குழி தோண்டும்போது சாண் ஆழத்திலேயே மணல் குளிர்ந்து, பிடித்தால் உருண்டையாகும் பதத்துக்கு வந்துவிடுவதைக் கவனிக்கலாம். பரல்களுக்கு நடுவே தங்கியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது.

முளைக்குப் பிடி கொடுக்காத இந்த மணலில், தீவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலுமாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்துக்கு, கரைக்கு இணையாக ஒடுங்கிக் கிடக்கும் அஸட்டீக்கைத் தடுப்புத் தீவு என்று புவியியலாளர்கள் சொல்வார்கள். கிழக்கே பெருங்கடல், மேற்கே ஆழமில்லாத உப்பங்கழி. பெரும்புயல் வரும்போது அலைகள் மணல்மேட்டை உடைத்துத் தீவின் குறுக்கே பாய்ந்து, கடல் பக்கத்து மணலை வாரிக்கொண்டு போய்க் கழிப் பக்கத்தில் விசிறிபோலப் பரப்புகின்றன. அந்தப் புதிய மணல் திட்டில் சில ஆண்டுகளில் சதுப்புப் புல் வேர்பிடித்து, மேற்குக் கரை சற்று அகன்றுவிடும். கிழக்குக் கரையோ அதே அளவுக்குத் தேய்ந்திருக்கும். பாயை ஒரு பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டே போவதைப்போலத் தீவு தன்மேலேயே உருண்டு, பெருநிலத்தை நோக்கி நகர்கிறது. இதற்கான சான்றைக் காலாலேயே மிதிக்கலாம்: புயல் மணலை அரித்துச் சென்றபின், அலையடிக்கும் கரையில் கருத்த, வேர்கள் பின்னிய கெட்டிச் சேறு சில இடங்களில் தலைகாட்டும். அமைதியான உப்பங்கழியின் ஓரத்தில் மட்டுமே உருவாகக்கூடிய சதுப்பு அது. தீவு அதன்மேல் ஏறிக் கடந்து போய்விட்டதால் இன்று பெருங்கடலின் முகத்தில் கிடக்கிறது.

நகர்வின் வேகத்தை மனிதரின் கைவேலை வடமுனையில் கூட்டிவிட்டது. 1933 ஆகஸ்டில் வீசிய சூறாவளி, ஓஷன் சிட்டி என்னும் நகரத்துக்குத் தெற்கே நிலத்தை வெட்டி ஒரு முகத்துவாரத்தைத் திறந்தது. அஸட்டீக் அன்றுதான் வடக்கிலிருந்து துண்டிக்கப்பட்டது. படகுகள் போய்வர வசதியாக இருக்கிறதே என்று, முகத்துவாரம் தூர்ந்துவிடாமலிருக்க இருபுறமும் கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டிக் கட்டினார்கள். இக்கரையில் அலைகள் சாய்வாக மோதுவதால் மணல் ஓயாமல் வடக்கிலிருந்து தெற்காகச் செல்கிறது. வடக்குச் சுவர் அதை மறித்துக்கொண்டதால் ஓஷன் சிட்டியின் தென்கரை அகன்றது, வரவேண்டிய மணல் வராமல் அஸட்டீக்கின் வடமுனை மெலிந்து மேற்கே ஒதுங்கியது. சென்னைவாசிகளுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. அங்கே மணல் தெற்கிலிருந்து வடக்காகச் செல்வதால், துறைமுகச் சுவர் எழுந்தபின் அதன் தெற்கே மெரினா விரிந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. தூண்டில் வளைவு கட்டிய கடலோர ஊர்கள் பலவும் இதே பாடத்தைச் சிறிய அளவில் கண்டிருக்கின்றன. அஸட்டீக்கில் 2004 முதல் முகத்துவாரத்தை ஒட்டிச் சேரும் மணலை ஆண்டுக்கு இருமுறை வாரியெடுத்துத் தீவின் வடபகுதியை ஒட்டிக் கடலில் கொட்டி, தடைப்பட்ட பயணத்தை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள்.

இந்தத் தீவு பூங்காவாக மிஞ்சியதே ஒரு புயலின் தயவு என்று சொல்லலாம். 1950களில் இங்கே உல்லாச நகரம் ஒன்றை எழுப்பத் திட்டமிட்டு, ஆயிரக்கணக்கான மனைகளாகப் பிரித்து, தீவின் நீளவாக்கில் தார்ச்சாலையும் போட்டார்கள். 1962 மார்ச்சில் வந்த புயல் காற்றின் கடுமையால் பேர்பெற்றதன்று. போகாமல் தங்கியதே அதன் கொடுமை. பௌர்ணமி, அமாவாசைகளில் வரும் உயர் ஓதத்தோடு அது சேர்ந்துகொள்ள, தொடர்ந்து 5 ஓதங்களுக்குக் கடல் தீவின் மேல் ஏறி இறங்கியது. சாலை சிதைந்தது, கட்டியிருந்த சில வீடுகளும் போயின, மனை வாங்கும் ஆசையும் கரைந்தது. 1965இல் தீவின் பெரும்பகுதி தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்டது. மணலில் பாதி புதைந்த அந்தத் தார்த் துண்டுகளை நடைபாதை ஒன்றின் ஓரத்தில் இன்றும் காணலாம்.

மணல்மேட்டின் மேல் ஏறக்கூடாது என்னும் விதி பலருக்கு வீண் கெடுபிடியாகத் தோன்றுகிறது. மேட்டைக் கட்டியெழுப்புவது அங்கே வளரும் கடற்கரைப் புல்தான்: காற்றின் வேகத்தை அது தணிக்க, காற்று சுமந்து வந்த மணல் அதன் காலடியில் விழுகிறது, மணல் மூட மூடப் புல் மேலே தளிர்விட்டு, பக்கவாட்டில் வேர்த்தண்டுகளைப் பரப்பிக்கொண்டே உயர்கிறது. மணலில் புதைவதைத் தாங்கும் இந்தப் புல், மிதிபடுவதைத் தாங்காது. ஒரே தடத்தில் பலர் நடந்தால் அங்கே புல் செத்துப் பள்ளம் விழும். அடுத்த புயலில் கடல்நீர் கூடாரங்களை நோக்கி வருவதற்கு அந்தப் பள்ளமே வாய்க்காலாகும்.

கழிப் பக்கச் சதுப்பை நம்பி வாழ்பவை தீவின் காட்டுக் குதிரைகள். அவற்றின் உணவில் பெரும்பங்கு உவர் சதுப்பின் முரட்டுப் புல். அதிலுள்ள உப்பை ஈடுகட்டச் சாதாரணக் குதிரையைப்போல இரு மடங்கு நீர் குடிப்பதால்தான் அவற்றின் வயிறு எப்போதும் உப்பித் தெரிகிறது. நல்ல நீர் எங்கிருந்து கிடைக்கிறது என்றால், மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. மணலுக்குள் இறங்கி உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும் அந்நீர் பள்ளமான இடங்களில் குட்டையாகத் தலைகாட்டுகிறது. கூடாரத்தில் ரொட்டி வாசனை வந்தால் குதிரைகள் கூச்சமின்றித் துணியைக் கிழித்து உள்ளே தலைநீட்டும். பார்ப்பவர்கள் ஒரு பேருந்து நீளமாவது, அதாவது 12 மீட்டராவது, தள்ளி நிற்கவேண்டும் என்பது விதி.

அதே சதுப்பில்தான் கொசுவும் பிறக்கிறது. ஈரச் சேற்றில் இட்ட முட்டைகள் உயர் ஓதம் வந்து நனைத்ததும் ஒரே நேரத்தில் பொரிக்கின்றன. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் காற்று கடலிலிருந்து வீசி, கொசுவை மேற்கே ஒதுக்கி வைக்கும். பொழுது சாய்ந்து நிலம் குளிர்ந்தபின் காற்று ஓய்ந்து, மேற்கிலிருந்து மெல்லத் திரும்பும்போது கொசுக்கூட்டம் கடலோரக் கூடாரங்கள்வரை வந்துவிடும். ஆகவே அங்கே கூடாரத்தின் வலைக்கதவை மாலைக் காற்று நிற்பதற்கு முன்பே இழுத்து மூடிவிடுகிறார்கள்.