சப்ரசர், சப்சானிக், ரிம்ஃபயர்: மூன்று சொற்களும் அவற்றுக்கான தமிழும்

சப்ரசர் என்பது துப்பாக்கிக் குழலின் வாயில் திருகி மாட்டப்படும் ஓர் உருளை. குண்டுக்குப் பின்னால் பீறிட்டு வரும் சூடான வாயுவை உள்ளே அடுக்கியிருக்கும் தடுப்புத் தட்டுகளில் மோதவிட்டு, அது விரிந்து ஆறிய பிறகு வெளியே விடுவதுதான் அதன் வேலை. நம் நாளிதழ்கள் இதைச் ‘சைலன்சர்’ என்றே எழுதுகின்றன. பிரிட்டனில் முயல் வேட்டைக்காரர்கள் ‘மாடரேட்டர்’ என்பார்கள். அமெரிக்காவில் கடைக்காரர் ‘சப்ரசர்’ என்பார், சட்டப் புத்தகம் ‘சைலன்சர்’ என்னும். மூன்றும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன.

இவற்றில் மூத்தது சைலன்சர். அமெரிக்கரான ஹைரம் பெர்சி மேக்சிம் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்று, ‘மேக்சிம் சைலன்சர்’ என்ற பெயரில் விற்றார். இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய சர் ஹைரம் மேக்சிமின் மகன் இவர். தந்தைக்கோ வெடிச்சத்தத்திலேயே வாழ்ந்து காது மந்தமாகிப் போயிருந்தது. மகன் அதே தத்துவத்தை எஞ்சின் புகைபோக்கியிலும் கையாண்டார். வாயுவை விரியவிட்டு வேகத்தைக் குறைக்கும் வேலைதான் இரண்டிலும் நடக்கிறது. புகைபோக்கியில் உள்ளதை அமெரிக்கர் ‘மஃப்ளர்’ என்று பிரித்துச் சொல்ல, பிரிட்டன்காரர் இரண்டையும் சைலன்சர் என்றனர். பிரிட்டன் வழியாகத்தான் அந்தச் சொல் நம் ஊர் மெக்கானிக் கடைக்கு வந்தது. அதனால் தமிழில் சைலன்சர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பைக்தான். துப்பாக்கி அதற்கு அடுத்தது.

வேர்ச்சொற்களைப் பார்த்தால், சைலன்சர் லத்தீனில் ‘பேசாதிரு’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. சப்ரசர், ‘கீழே அமுக்கு’ என்பதிலிருந்து. மாடரேட்டர், ‘அளவுக்குள் வை’ என்பதிலிருந்து. கருவி உண்மையில் செய்யும் வேலைக்கு மிக அருகில் இருப்பது மூன்றாவது. 0.22 ரைஃபிள் (குழல் துளையின் விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) ஒன்றை எதுவும் மாட்டாமல் சுட்டால் குழல்வாயருகே உச்சச் சத்தம் ஏறத்தாழ 140 டெசிபெல். நல்ல சப்ரசர் அதை 115 முதல் 120 வரை இறக்கும். காதுக்கு அது பெரிய வித்தியாசம். ஆனால் 115 டெசிபெல்லை மௌனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஜெர்மன், ஃபின்னிஷ் மொழிகளில் இதற்கு வழங்கும் சொற்களுக்கும் ‘ஒலியைத் தணிப்பது’ என்றே பொருள்.

எனவே தமிழில் ‘ஒலித்தணிப்பி’ என்பதே பொருந்தும். ‘ஒலியடக்கி’ என்ற வழக்கும் இருக்கிறது, தவறில்லை. ஆனால் அடங்கிவிட்டது என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது. ‘மௌனப்படுத்தி’ வேண்டவே வேண்டாம். எதைத் தேர்ந்தாலும் முன்னால் ‘ஒலி’ இருந்தே ஆக வேண்டும். ‘அடக்கி’ என்று மொட்டையாக எழுதினால், குழல்வாயில் தெரியும் தீச்சுடரைக் குறைக்கும் வேறொரு கருவியோடு குழம்பிவிடும். ஆங்கிலத்தில் அதையும் சப்ரசர் என்கிறார்கள். அதற்குச் ‘சுடரடக்கி’ என்று தனிப்பெயர் வைத்துக்கொள்வது நல்லது. சுடரடக்கி சத்தத்தைக் குறைக்காது.

ஒலித்தணிப்பி மாட்டியும் ‘சட்’டென்று காற்று கிழிவதுபோல் ஒரு சத்தம் கேட்கிறதே, கருவி பழுதா என்பது புதிதாக வாங்குகிறவர்களின் வழக்கமான கேள்வி. பழுதில்லை. சுடும்போது எழும் சத்தம் ஒன்றல்ல, மூன்று. ஒன்று, குழல்வாயில் வாயு வெடித்துப் பரவும் சத்தம். இரண்டு, குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் வழிநெடுக எழுப்பும் அதிர்வலை. மூன்று, தோட்டாவைத் தட்டும் ஊசியான சுடுமுள் அடிப்பது, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட் நகர்வது போன்ற இயந்திரச் சத்தம். ஒலித்தணிப்பியால் முதலாவதை மட்டுமே தொட முடியும். குண்டு உருளையைத் தாண்டிய பின் பிறக்கும் இரண்டாவதை அது ஒன்றும் செய்ய முடியாது. அதற்குக் குண்டின் வேகத்தையே குறைக்க வேண்டும்.

சப்சானிக் என்ற சொல்லுக்கு வேலை வருவது இங்கேதான். ‘சப்’ என்றால் கீழே, ‘சானிக்’ என்றால் ஒலி சார்ந்த. ஒலியின் வேகத்துக்குக் கீழே பறப்பது என்று பொருள். தமிழில் ஒரு தடுமாற்றம் உண்டு. ஸ்கேன் எடுக்கும் ‘மீயொலி’, யானைகள் பேசிக்கொள்ளும் ‘தாழொலி’ இரண்டும் அதிர்வெண்ணைப் பற்றியவை. சப்சானிக்கும் சூப்பர்சானிக்கும் வேகத்தைப் பற்றியவை. சப்சானிக் தோட்டாவை ‘தாழொலித் தோட்டா’ என்று எழுதினால், மெல்லச் சத்தமிடும் தோட்டா என்றோ, காதுக்கு எட்டாத அதிர்வெண் என்றோ படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘வேகம்’ என்ற சொல்லை உள்ளே வைத்து ‘ஒலிக்குறைவேகத் தோட்டா’ என்பதே சரி. நாக்குக்குக் கொஞ்சம் நீளம்தான். எழுதும்போது முதலில் ஒருமுறை இதைச் சொல்லிவிட்டு, பிறகு சப்சானிக் என்றே தொடரலாம், குற்றமில்லை.

20 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் செல்லும். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 0.6 மீட்டர் குறையும். 0 டிகிரியில் 331 மீட்டர். வழக்கமான அதிவேக 0.22 லாங் ரைஃபிள் தோட்டா சுமார் 380 மீட்டர் வேகத்தில் கிளம்பும், எனவே அது வெடுக்கென்று சத்தமிட்டே தீரும். சப்சானிக் என்று பெட்டியில் அச்சிட்டு விற்பவை பெரும்பாலும் 315 முதல் 325 வரை. இலக்குச் சுடுவோர் வாங்கும் ‘ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி’ வகையும் 326 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. பெயரில் சப்சானிக் இல்லாவிட்டாலும் மிதமான வானிலையில் அதே பலனைத் தரும், பல ஊர்களில் விலையும் குறைவு. இன்னும் கீழே, 40 கிரெயின் குண்டை 216 மீட்டர் வேகத்தில் அனுப்பும் மிக மெதுவான வகையும் உண்டு. 40 கிரெயின் என்பது சுமார் 2.6 கிராம்.

பெட்டியில் உள்ள எண் ஒரு சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் துப்பாக்கியில் அது கொஞ்சம் கூடும், குறையும். ஒரே பெட்டியில் இருந்து சுட்ட பத்துத் தோட்டாக்களில் எட்டு அமைதியாகவும் இரண்டு வெடுக்கென்றும் போனால், வேகம் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று பொருள். உறைபனிக் காலத்தில் இது கூடும், ஏனென்றால் எல்லைக்கோடே கீழே இறங்கிவிடுகிறது. மைனஸ் 20 டிகிரியில் ஒலியின் வேகமே 319 மீட்டர்தான். குளிரில் தோட்டாவின் வெடிமருந்தும் சற்று மந்தமாக எரியும் என்பதால் கணக்கு முழுக்கப் பாதகமாகிவிடாது. ஆனாலும் அத்தகைய ஊர்களில் 310க்குக் கீழே உள்ள தோட்டாவே பாதுகாப்பான தேர்வு.

மூன்றாவது சொல் ரிம்ஃபயர். தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு உள்ளே குழிவானது. பற்றவைக்கும் கலவையை அந்த விளிம்புக்குள் சுழற்றி நிரப்பியிருப்பார்கள். சுடுமுள் அடிப்பகுதியின் நடுவில் அல்ல, விளிம்பில் அடிக்கும். ‘ஃபயர்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘விளிம்புத் தீ’ என்று சிலர் எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. அடி எங்கே விழுகிறது என்பதுதான் இங்கே செய்தி என்பதால் ‘விளிம்படித் தோட்டா’, அதற்கு எதிரானது ‘நடுவடித் தோட்டா’ என்று சொல்லலாம். இந்த வகையில் 0.22 ஷார்ட்டை ஸ்மித் அண்ட் வெஸன் 1857இல் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் ஓடும் 0.22 லாங் ரைஃபிள் 1887ஐச் சேர்ந்தது.

கூடவே ஒரு சின்னத் திருத்தம். கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போவது குண்டு மட்டுமே. ‘உடலில் தோட்டா பாய்ந்தது’ என்று செய்திகளில் வருவது, எய்தவன் வில்லோடு சேர்த்துப் பாய்ந்தான் என்பது மாதிரி. இலங்கைத் தமிழர் துப்பாக்கியைத் துவக்கு என்றும் குண்டை ரவை என்றும் சொல்வார்கள்.

விளிம்படித் தோட்டாவுக்கு ஒலித்தணிப்பி நன்றாகப் பொருந்தக் காரணம், அதில் மருந்தின் அளவு மிகக் குறைவு. நடுவடித் தோட்டாவின் வாயு அழுத்தத்தோடு ஒப்பிட இது கொசு. ஆகவே 0.22க்கான உருளை சிறிதாக, அலுமினியத்திலேயே, 100 கிராம் எடைக்குள் கிடைக்கிறது. அதை மறந்து பெரிய துப்பாக்கியில் மாட்டினால் உருளை பிளந்துவிடும். எந்தத் தோட்டாவுக்கானது என்று உருளையில் பொறித்திருப்பதைப் படிக்காமல் மாட்டக் கூடாது.

மாட்டும்போது முதலில் போல்ட்டைக் கழற்றி, தோட்டா அமரும் அறை காலி என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு உருளையைத் திருகி ஏற்றும் புரி. அமெரிக்கத் துப்பாக்கிகளில் அரை அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 புரி. பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் அதே விட்டத்தில் பெரும்பாலும் 20 புரி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றிரண்டு சுற்று ஏறவும் செய்யும். அங்கே இறுகினால் கட்டாயப்படுத்தக் கூடாது. புரி அரிந்து உருளை கோணலாக உட்கார்ந்துவிடும். சரியான புரி விரலாலேயே கடைசிவரை ஓடி, குழலின் தோளில் அழுத்தமாக நிற்கும். மாட்டியபின் போல்ட் இல்லாத பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். உருளையின் துளை, குழல் துளையைச் சுற்றி ஒரே சீரான வளையமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறைபோல் ஒதுங்கித் தெரிந்தால் சுடவே வேண்டாம். குண்டு தடுப்புத் தட்டில் உரசும், தட்டு கிழியும், முனைமூடி தெறித்துப் போகும். சுடச்சுட உருளை தானாகத் தளர்வதும் வழக்கம். பத்து இருபது குண்டுக்கு ஒருமுறை கையால் இறுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தட்டில் உரசுவதற்கு இன்னொரு காரணம் தோட்டாத் தேர்வு. 60 கிரெயின் எடையில் ஒரு சப்சானிக் தோட்டா சந்தையில் உண்டு. அதன் குண்டு நீளமானது. சாதாரண 0.22 குழலின் உட்புரி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம், 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 40 கிரெயின் குண்டுக்கு அது போதும், 60 கிரெயினுக்குப் போதாது. சுழற்சி குறைந்த குண்டு தள்ளாடிக்கொண்டே வெளியேறும், காகித இலக்கில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம் போன்ற நீள் துளை விழும். அப்படி ஒரு துளையைக் கண்டால், அந்தத் தோட்டாவை ஒலித்தணிப்பியோடு சேர்க்கவே கூடாது. புதுத் தோட்டா எதையும் முதலில் உருளை இல்லாமல் காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கிகளில் சப்சானிக் அடிக்கடி மக்கர் செய்யும். போல்ட்டைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய விசை குறைந்துவிடுவதால் வெற்றுக்கூடு பாதியில் சிக்கும். வாயுவின் ஒரு பகுதி பின்னால் முகத்துக்கும் வரும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுடக் கூடாது. கையால் இழுக்கும் போல்ட் துப்பாக்கியில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை, சுடும்போது போல்ட் நகரும் சத்தமும் இல்லை. அமைதிதான் வேண்டும் என்றால் அதுவே நம் தேர்வு. மிக மெதுவான தோட்டாக்களில் வேறொரு ஆபத்து: குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். சத்தம் வழக்கத்தைவிடக் குன்றி, இலக்கில் எதுவும் விழாவிட்டால், அடுத்ததைச் சுடாமல் குழலைச் சோதிக்க வேண்டும். சுடுமுள் அடித்தும் வெடிக்கவில்லை என்றால், குழலைப் பாதுகாப்பான பக்கமே பிடித்து 30 விநாடி காத்திருந்து பிறகு திறக்க வேண்டும். விளிம்புக்குள் கலவை எங்காவது சரியாகப் பரவாமல் விட்டுப்போவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

முதல் குண்டு மட்டும் மற்றவற்றைவிடச் சத்தமாகக் கேட்கும். உருளைக்குள் இருக்கும் ஆக்சிஜனில், எரியாது மிஞ்சிய வாயு பற்றுவதால் வரும் சத்தம் அது; குறையல்ல. உருளையை மாட்டியதும் குண்டு விழும் இடமும் கொஞ்சம் நகரும் என்பதால் பார்வைக்கருவியை மறுபடி சரிசெய்ய வேண்டும். தோட்டாவை மாற்றினாலும் அப்படியே. 50 கெஜத்துக்குச் சரிசெய்த சப்சானிக் குண்டு 100 கெஜத்தில் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் கீழே விழும். அதனால்தான் பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் பயிரழிக்கும் முயலைச் சுடுகிறவர்கள் 50, 60 மீட்டருக்கு மேல் இதை நம்புவதில்லை. மெதுவாகப் போகும் ஈயக்குண்டு ஈரத் தரையிலோ கல்லிலோ பட்டால் எகிறி எங்கோ போய்விடும் பழக்கமும் அதற்கு உண்டு. எகிறாவிட்டாலும், மேல்நோக்கிச் சுட்ட 0.22 குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் விசையைத் தொடுவதில்லை என்பது அங்கே எழுதாத விதி.

சட்டம் நாட்டுக்கு நாடு நேர்மாறு. நியூசிலாந்தில் கடையில் எளிதாக வாங்கலாம். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு வேண்டும்; அந்தச் சட்டம் விதித்த 200 டாலர் வரி 2026 தொடக்கத்திலிருந்து பூஜ்யமாக்கப்பட்டது, பதிவு மட்டும் தொடர்கிறது. இந்திய ஆயுத விதிகளோ, சுடும் சத்தத்தையோ சுடரையோ குறைக்கும் துணைக்கருவிகளைக் கட்டுப்பாடு மிகுந்த முதல் வகையில் வைத்திருக்கின்றன. துப்பாக்கிச் சுடும் சங்க உறுப்பினருக்கும் விளையாட்டு வீரருக்கும் எட்டாத பொருள்.

கடைசியாகத் துப்புரவு. 0.22 குண்டு பெரும்பாலும் உறையிடாத ஈயம், மேலே மெழுகு. ஈயமும் கரியும் மெழுகும் தட்டுகளில் அப்பிக்கொண்டே போகும். புதிதாக வாங்கியதும் உருளையைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டால், எப்போது கழுவ வேண்டும் என்று பிறகு தராசே சொல்லும். சில நூறு குண்டுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்யாவிட்டால், தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கழற்றவே முடியாமல் போகும். துருப்பிடிக்காத எஃகுத் தட்டுகளை மீயொலித் தொட்டியில் இடலாம். அலுமினியத்தைக் காரமான கரைசல் அரித்துவிடும், அதற்குத் தூரிகையும் மிதமான கரைப்பானும் போதும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறவைக்கும் குறுக்குவழி ஒன்று சுற்றில் இருக்கிறது. ஈயம் கரைந்து போவது உண்மைதான்; கரைந்தபின் பாத்திரத்தில் மிஞ்சுவது ஈய அசிட்டேட், தோல் வழியாகவே உடலில் ஏறக்கூடிய நஞ்சு. அதைச் சாக்கடையில் ஊற்றவும் முடியாது, வீட்டில் வைக்கவும் முடியாது. உலர்ந்த பொடியைச் சுரண்டும்போதும் முகமூடி, கையுறை வேண்டும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.