ஒயிலைப் பார்க்காத ஒயில் மீற்றர்

அக்காவின் கணவரும் நானும் ஒரே வகைக் கார்தான் வைத்திருக்கிறோம். 2018இல் இறக்கிய, ஒரு லீற்றர் டேர்போ எஞ்சின் பூட்டிய பெற்றோல் கார். மூன்று மாதத்துக்கு முன் கொக்குவிலில் ஒரே கராச்சில், ஒரே நாளில் இரண்டுக்கும் ஒயில் மாற்றினோம். ஊற்றிய ஒயிலும் ஒரே வகை. அத்தான் வாரத்தில் மூன்று நாள் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறவர். போன கிழமை பார்த்தபோது அவருடைய கார் 4,900 கிலோமீற்றர் ஓடியிருந்தது. ஒயில் ஆயுள் 60 சதவீதம் என்று காட்டியது. என்னுடையது ஓடியதோ 1,700 கிலோமீற்றர். காட்டியது 63.

"உம்மடை காரிலை சென்சர் பழுதாப் போச்சுது போல" என்றார் அத்தான்.

சென்சர் பழுதாகவில்லை. ஒயிலின் தரத்தைப் பார்க்கிற சென்சர் என்று ஒன்று அந்தக் காரில் கிடையாது. டாஷ்போட்டில் அந்தச் சதவீதத்தைப் பார்க்கும் பலர், எஞ்சினுக்குள் ஏதோ ஒரு கருவி ஒயிலை நக்கிப் பார்த்துச் சொல்கிறது என்றே நம்புகிறார்கள். ஒயிலின் மின் இயல்பை அளக்கும் கருவி சில ஜேர்மன் கார்களில் உண்டுதான். மற்றப் பெரும்பாலான கார்களில் நடப்பது வெறும் கணக்கு. கார் கவனிப்பது ஓட்டுகிற ஆளை. அதனால்தான் இந்த எண் எனக்குப் பிடித்துப்போனது: என் ஓட்டத்தைப் பற்றி நானே அறியாத சிலவற்றை அது சொன்னது.

இந்தக் கணக்கை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் சேர்லி ஷ்வார்ட்ஸ் என்ற இரசாயனவியலாளர். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுகூடத்தில் 1980களில் வேலை செய்தவர். ஒயில் எவ்வளவு தூரத்தில் கெடும் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை, அது ஓடும் விதத்தைப் பொறுத்தது என்பதை அவரும் அவருடைய குழுவினரும் ஒரு கணக்காக்கினார்கள். 1988இல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் அது வந்தது. பிறகு வந்த பல நிறுவனங்களின் முறைகளும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகின்றன.

போனுக்கு ரீலோட் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். புது ஒயில் ஊற்றி மீற்றரை 100க்குக் கொண்டுவந்ததும், காரின் கணினியிடம் ஒரு பெரிய தொகை இருக்கிறது. எஞ்சின் ஒவ்வொரு முறை சுழலும்போதும் அதிலிருந்து கொஞ்சம் கழிகிறது. ஒயில் இதமான சூட்டில் இருந்தால் ஒரு சுற்றுக்குச் சிறிய கழிவு. ஒயில் ஆறிக் கிடந்தாலோ, அளவுக்கு மிஞ்சிச் சூடேறி இருந்தாலோ அதே ஒரு சுற்றுக்குப் பல மடங்கு வெட்டு. உள்ளூர் அழைப்புக்கு ஒரு விலை, கனடாவுக்கு எடுத்தால் இன்னொரு விலை என்பது மாதிரி.

இங்கே கவனிக்க வேண்டியது, எண்ணப்படுவது சுற்றுகள் என்பது. கிலோமீற்றர் அல்ல. மகளைத் திருநெல்வேலியில் ரியூசனுக்கு விட்டுவிட்டு, வெயிலுக்கு ஏசியைப் போட்டபடி ஒழுங்கை வாசலில் காத்திருக்கிறேன். கார் அசையவில்லை, ஓடோமீற்றரும் அசையவில்லை. ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 750 தடவை சுழல்கிறது. ஒரு மணித்தியாலத்தில் 45,000 சுற்று. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது என் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 தடவை சுழல்கிறது என்று வைத்தால், கிலோமீற்றருக்கு 1,800 சுற்று. ஆக, ஒரு மணித்தியாலம் சும்மா நிற்பது ஒயிலுக்கு 25 கிலோமீற்றர் ஓடியதற்குச் சமம். நாளுக்கு முக்கால் மணி, வாரத்தில் நான்கு நாள், மூன்று மாதம் என்று பெருக்கிப் பார்த்தேன். 900 கிலோமீற்றர் வந்தது! ரியூசன் வாசலை விட்டு அசையாமலே கிளிநொச்சிக்குப் பல தடவை போய் வந்திருக்கிறது என் எஞ்சின். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் வீதிகள் மூடி, மற்ற ஒழுங்கைகளில் எல்லாரும் ஊர்ந்துகொண்டு நிற்போமே, அதுவும் இந்தக் கணக்கில்தான் போகும்.

ஆனாலும் 900ஐக் கூட்டினால்கூட எனக்கு 2,600தான் வருகிறது. அத்தானின் 4,900க்கு அது எப்படிச் சமமாகும்? மீதியைத் தின்றது குறுகிய ஓட்டம்.

பெற்றோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு லீற்றர் பெற்றோல் முழுதாக எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர். ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதால் வருவது அது. காலையில் முன்னால் நிற்கும் காரின் சைலன்சரில் இருந்து சொட்டுவது அந்தத் தண்ணீர்தான். பெரும்பகுதி புகையோடு வெளியே போய்விடுகிறது. கொஞ்சம் மட்டும் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி, கீழே ஒயில் இருக்கும் தொட்டிக்குள் இறங்குகிறது. ஒயில் நன்றாகச் சூடாகி இருந்தால் அது ஆவியாகி, அதற்கென்றுள்ள குழாய் வழியாகத் திரும்பவும் எரிவதற்குப் போய்விடும். ஒயில் சூடாகாவிட்டால் அங்கேயே தங்கிவிடும்.

இதில் நம்மை ஏமாற்றுவது டாஷ்போட்டில் உள்ள வெப்ப முள். அது காட்டுவது ரேடியேற்றர் தண்ணீரின் சூட்டை. தண்ணீர் சில நிமிடத்தில் சூடாகிவிடும். ஒயில் சோம்பேறி, அதற்கு இரண்டு மூன்று மடங்கு நேரம் வேண்டும். கொக்குவிலில் இருந்து நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்கு 4 கிலோமீற்றர். முள் நடுவுக்கு வரும்போது நான் காரை நிறுத்திவிடுவேன். ஒயில் அப்போதுதான் உறக்கம் கலைந்து எழும்பப் பார்க்கிறது. அத்தானோ செம்மணி, நாவற்குழி, கைதடி என்று போய்ச் சாவகச்சேரியைத் தொடும்போது ஒயில் நன்றாகச் சூடேறி, பளை, ஆனையிறவு கடந்து போகும்வரை உள்ளிருந்த ஈரத்தையெல்லாம் உலர்த்திவிடுகிறது.

தண்ணீரோடு பெற்றோலும் சேர்ந்துகொள்கிறது. ஆறிக் கிடந்த எஞ்சினுக்குக் கணினி வேண்டியதைவிடக் கூடுதலாகப் பெற்றோல் விடும். எரியாத பங்கு, பெற்றோல் எரிகிற உருளையின் (சிலிண்டரின்) சுவரில் வழிந்து ஒயிலோடு கலக்கும். எங்கள் காரைப் போல உருளைக்குள் நேரடியாகப் பெற்றோலைப் பீய்ச்சும் எஞ்சின்களில் இது இன்னும் அதிகம். ஒயில் ஐதாகும், தண்ணீரும் எரிவாயுக்களும் சேர்ந்து அமிலம் உண்டாகும். அமிலத்தை அடக்கவென்று ஒயிலில் காரத்தன்மையான சேர்மானங்கள் உண்டு, வயிற்றுப் புளிப்புக்கு மருந்து குடிப்பது போல. அந்த மருந்து தீர்ந்த நாளில் ஒயிலும் தீர்ந்தது.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இது புதுக் கதை அல்ல. 1990களில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் என்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எரியாத மிச்சம் ஒயிலுக்குள் இறங்கினால் அங்கேயே கிடக்கும். ஒயில் தண்ணியாய்ப் போகும், ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியான டிப்ஸ்ரிக்கில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். மண்ணெண்ணெயில் ஓடிய பழைய உழவு இயந்திரங்களுக்கு மற்ற நாடுகளிலும் அடிக்கடி ஒயில் மாற்றியது இதனால்தான். அந்தக் கார்களைக் கட்டிக் காத்த மெக்கானிக்மார் எந்த மீற்றரும் இல்லாமல், விரலில் ஒயிலைத் தேய்த்து, மணந்து பார்த்து, இந்தக் கணக்கைக் கையாலேயே போட்டவர்கள். எனக்கு அவர்கள்மீது பெரிய மரியாதை.

நாள் முழுதும் ஓடும் வாடகைக் கார்களின் ஒயில்தான் சீக்கிரம் கெடும் என்று தோன்றும். 1996இல் அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை நியூயோர்க்கில் 75 வாடகைக் கார்களை வைத்துச் சோதித்தது. சிலவற்றுக்கு 3,000 மைலில், சிலவற்றுக்கு 6,000 மைலில் ஒயில் மாற்றினார்கள். ஒவ்வொன்றும் 60,000 மைல் ஓடிய பிறகு எஞ்சின்களைக் கழற்றி அளந்தபோது தேய்மானத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அந்தக் கார்களின் எஞ்சின் ஆறவே இல்லை என்பது இதில் பெரிய காரணம்.

அதிக சூடும் கெடுதிதான். நூறைத் தாண்டி வெகுவாக ஏறும்போது, ஒவ்வொரு 10 பாகை செல்சியசுக்கும் ஒயில் ஒட்சியேறும் (ஒட்சிசனோடு சேர்ந்து கெடும்) வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. கார் நிறையச் சனமும் சாமானும் ஏற்றி, மத்தியான வெயிலில் கண்டி வீதியில் விரட்டினால் மீற்றர் அதற்கும் வெட்டும். நமக்கு ஒரு சலுகையும் உண்டு: இங்கே காலையில் ஒயில் 27, 28 பாகையில் தொடங்குகிறது. பனியில் உறைந்து கிடக்கும் கனடாக் காருக்கு விழும் வெட்டு நமக்கு விழாது.

இந்த மீற்றருக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூசு காற்றுப் பில்ரரை அடைத்திருப்பது அதற்குத் தெரியாது. கம்பனி சொன்ன ஒயிலை ஊற்றினீர்களா, மலிவானதை ஊற்றினீர்களா என்பதும் தெரியாது. தொட்டியில் ஒயிலின் மட்டமே இறங்கியிருந்தாலும் சதவீதம் அசையாது. கராச்சில் ஒயிலை மாற்றிவிட்டு மீற்றரை 100க்கு மாற்ற மறந்தால் பழைய கணக்கே ஓடும். ஒயிலை மாற்றாமல் மீற்றரை மட்டும் 100க்குக் கொண்டுவந்துவிட்டால் பழைய ஒயிலுக்குப் புதுக் கணக்கு. எது எப்படியோ, வருடத்துக்கு ஒரு தடவை மாற்றத்தான் வேண்டும். யப்பானில் இருந்து வந்த பல கார்களில் வெறும் தூரத்தை எண்ணும் நினைவூட்டல்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட காரை என்னைப் போல ஓட்டுகிறவர்கள் அது சொல்லும் தூரத்துக்கு முன்பே மாற்றுவது நல்லது.

இப்போது ரியூசன் வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு மரநிழலில் இருக்கிறேன். சந்தை, வங்கி, அம்மாவின் மருந்து மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கிறேன். ஞாயிறில் பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவுப் பக்கம் ஒரு நீண்ட ஓட்டம்.

அத்தான் இந்தக் கிழமை 5,000 ஆகிறது என்று ஒயில் மாற்றப் புறப்பட்டார். கண்ணாடியில் ஒட்டிய துண்டு அப்படித்தான் சொல்கிறது. இன்னும் பாதிக்கு மேல் ஆயுள் உள்ள மூன்று நான்கு லீற்றர் ஒயிலை வெளியே ஊற்றப் போகிறீர்கள் என்றேன். ஆறில்லாத இந்தக் குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் தண்ணீரைத்தான் எல்லாரும் குடிக்கிறோம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தவர் அவர். யோசித்துவிட்டு, மீற்றர் 15 காட்டும்வரை பொறுக்கச் சம்மதித்திருக்கிறார். அதுவரை ஞாயிறு காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டு பேருமாக டிப்ஸ்ரிக்கை உருவிப் பார்க்கிறோம்.