தூண்டிலில் எதிர்பாராத மீன்: கடி, குத்து, முள் காயம்

சிறு மீனான கிழங்கானுக்குப் போட்ட தூண்டிலில் கிழங்கானே வந்தால் மருத்துவமனைக்கு வேலை இல்லை. அதைக் கவ்வ வந்த சீலாவும் சேர்ந்து வரும்போதுதான் கை கிழிகிறது. காயம் பெரும்பாலும் தண்ணீருக்குள் ஏற்படுவதில்லை. கரைக்கோ படகுக்கோ மீன் வந்து சேரும் கடைசி ஒரு மீட்டரிலும், தூண்டில் முள்ளைக் கழற்றும் அந்த ஒரு நிமிடத்திலும் ஏற்படுகிறது. சின்ன மீனுக்குத் தயாரான கை பெரிய வாய்க்குப் பக்கத்தில் போய்விடுகிறது.

முள்ளில் மாட்டிய சிறு மீன் துடிப்பதே சீலா, பாறை, கொடுவா போன்ற வேட்டை மீன்களுக்கு அழைப்பு. பாதி மீன் மட்டும் மேலே வந்தால், வெட்டு நேராக இருந்தால், கீழே சீலா நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பல் தூண்டில் கயிறான நைலான் நரம்பை எளிதில் அறுக்கும். இழுவிசையில் இருக்கும் நரம்பு அறுந்தாலோ முள் வாயிலிருந்து நழுவினாலோ, ஈயக்குண்டு இழுப்பவர் முகத்தை நோக்கித் திரும்பி வரலாம். கண் போகிற அளவுக்கு அடிபடும். முள்ளுக்கு மேலே ஒரு சாண் ஸ்டீல் ஒயர் கட்டுவதும், கண்ணாடி அணிவதும், நரம்பின் நேர்க்கோட்டில் முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நிற்பதும் இதற்காகத்தான்.

கைத்தூண்டில் போடுகிறவர்கள் நரம்பை விரலில் சுற்றிக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டும். பெரிய மீன் ஒரு ஓட்டம் எடுத்தால் நரம்பு எலும்பு வரை இறங்கும். மோதிரம் இருந்தால் தோலே உரிந்து வரும். விரல் துண்டானால், துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். மீன்பெட்டி ஐஸில் துண்டை நேராகப் புதைத்தால் திசு உறைந்து கெட்டுவிடும்.

எந்த மீன் எதனால் காயப்படுத்தும் என்று தெரிந்தால் பாதி ஆபத்து குறையும். கொடுவாவின் பல் பொடியானது, ஆனால் செவுள் மூடியின் விளிம்பு சவர பிளேடு மாதிரி. அதைப் பிடித்துத் தூக்குகிறவர்கள் உள்ளங்கையை அறுத்துக்கொள்கிறார்கள். ஆற்று வாளையின் பற்கள் சின்னதாக, நிறைய, உள்நோக்கி வளைந்திருக்கும். விரல் உள்ளே போய்விட்டால் வெடுக்கென்று இழுப்பதுதான் தோலைக் கிழிக்கிறது. தாடையைக் கம்பியால் திறந்துவிட்டு எடுக்க வேண்டும். பாறை இடுக்கில் தூண்டில் போட்டால் வரும், பாம்பு போன்ற அஞ்சாளைக்குத் தொண்டைக்குள் இரண்டாவது தாடை உண்டு. கடித்தால் எளிதில் விடாது. அது வந்தால் நரம்பை அறுத்து முள்ளோடு விட்டுவிடுவதே கெட்டிக்காரத்தனம். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். பையில் அசையாமல் கிடந்தாலும் நெடுநேரம் உயிரோடுதான் இருக்கும், செத்ததென்று நினைத்துக் கையை விடாதீர்கள். உடம்பை உப்பிக்கொள்ளும் பேத்தை மீனின் அலகு முள்ளையே நெளித்துவிடும், விரல் எம்மாத்திரம். அதைச் சமைக்கவும் கூடாது. வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

முரல் தனி ரகம். ஊசி போன்ற அலகு, நீர்மட்டத்தில் வேகமான ஓட்டம். இரவில் வெளிச்சம் கண்டால் தண்ணீரை விட்டுத் துள்ளும். 1977-ல் ஹவாயில் இரவு மீன்பிடிப்பின்போது 10 வயதுச் சிறுவன் ஒருவன் கண் வழியாக முரல் குத்தி இறந்தான். 2020 ஜனவரியில் இந்தோனேசியாவில், இரவில் படகில் இருந்த 16 வயதுப் பையனின் கழுத்தில் ஒன்று பாய்ந்து மறுபக்கம் வரை ஊடுருவியது. மீனைப் பிடுங்காமல் அப்படியே கரைக்குக் கொண்டு போனதால் பிழைத்தான். கழுத்து, மார்பு, வயிறு, கண் ஆகியவற்றில் எது குத்தியிருந்தாலும் இதே விதிதான்: பிடுங்காதீர்கள், அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டுங்கள், 108-ஐ அழையுங்கள். கடலில் இருந்தால் கடலோரக் காவல்படை எண் 1554. இரவில் டார்ச்சைத் தண்ணீர் மேல் வீசிக்கொண்டே இருக்காதீர்கள்.

கெளுத்தி, இருங்கெளுத்தி இரண்டுக்கும் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். தேளிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. திருக்கைக்கு வாலில். குத்தினால் காயத்துக்குப் பொருந்தாத வலி வரும். இந்த நஞ்சு புரதம், சூட்டில் செயலிழக்கும். 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் அந்த இடத்தை மூழ்க வையுங்கள், ஆறினால் மாற்றுங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால்தான் பார்க்க வேண்டும். வலிக்கும் கைக்குச் சூடு தெரியாது, கொதிநீரில் வைத்துத் தோலை வேகவைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு பிளாஸ்க் வெந்நீர் பையில் இருப்பது எந்தக் களிம்பையும் விட மேல். வலி அடங்கினாலும் உடைந்த முள் உள்ளே இருக்கலாம் என்பதால் எக்ஸ்ரே தேவைப்படும்.

கடிக்கு முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. சுத்தத் துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அடுத்து கழுவுவது. கடல் நீரோ ஆற்று நீரோ வேண்டாம். குடிநீர் பாட்டிலின் மூடியில் துளையிட்டு, ஒரு லிட்டராவது பீய்ச்சுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அதைச் சுரண்டி எடுக்கும்போது மறுபடி ரத்தம் வரும். மருத்துவர் தையல் போடாமல் திறந்து விட்டால் சண்டை போடாதீர்கள். மீன் கடியை உடனே மூடித் தைத்தால் சீழ் உள்ளேயே தங்கும்.

ட்ரெபிள் ஹூக் (மும்முனை முள்) வைத்த லூரில் (செயற்கை இரையில்) ஒரு முனை மீன் வாயிலும் இன்னொன்று உங்கள் கையிலும் இருந்தால், மீன் ஒவ்வொரு முறை துள்ளும்போதும் முள் ஆழமாக இறங்கும். முதலில் ஈரத்துணியால் மீனைப் போர்த்தி அமுக்கி, கட்டிங் பிளையரால் இணைப்பு வளையத்தைத் துண்டித்துப் பிரியுங்கள். தோலடியில் மட்டும் இறங்கிய ஒற்றை முள்ளை எடுக்க, வளைவில் இரட்டை நரம்பைக் கோத்து, முள்ளின் தண்டைத் தோலோடு அழுத்தி, நுழைந்த வழியே தோலுக்கு இணையாக வெடுக்கென்று ஒரே இழுப்பில் எடுக்கலாம். எதிரே யாரும் நிற்கக் கூடாது. முகம், கழுத்து, மூட்டு என்றால் தொடவே வேண்டாம். கண் என்றால் அழுத்தாமல் பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கண் மருத்துவரிடம் போங்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். நன்னீரா, கடலா, முகத்துவாரமா என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஆன்டிபயாடிக் அதைப் பொறுத்து மாறும். நன்னீரில் ஏரோமோனாஸ், உப்பங்கழியிலும் கடலிலும் விப்ரியோ கிருமிகள் இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும், குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் விப்ரியோ ஒரே நாளில் உயிருக்கு வினையாகலாம்: வீக்கம் மணிக்கு மணி ஏறும், காய்ச்சல் வரும், தோல் ஊதா நிறத்தில் கொப்பளிக்கும். அப்படியிருந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. இதற்கு நேர்மாறாக, சில வாரம் கழித்து ஆறிய காயத்தில் வலியில்லாத கட்டி எழும்பி, வழக்கமான மாத்திரைக்கு மசியாமல் இருந்தால், அது மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமியாக இருக்கலாம். அப்போது மீன் குத்திய கதையை நீங்கள் சொல்லாவிட்டால் எந்த மருத்துவருக்கும் சந்தேகம் வராது.