புஷிடோ: சொல்லும் பொருளும்

தலைமைப் பண்பு பற்றிய கட்டுரைகளிலும் மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளிலும் 'புஷிடோ' என்னும் ஜப்பானியச் சொல் இன்று தாராளமாக வழங்குகிறது. சாமுராய் வீரர்களின் ஒழுக்கநெறியைச் சுட்டும் இச்சொல்லைச் சந்தையில் போட்டியாளரை வீழ்த்தும் உத்தி என்ற பொருளில் ஆள்வோர் பலர். சொல்லின் பிறப்பும் வரலாறும் அப்பொருளுக்கு இடம் தரவில்லை.

'புஷி' என்றால் போர்வீரன். 'டோ' என்றால் வழி. ஜூடோ, கெண்டோ ஆகிய பெயர்களின் ஈற்றில் நிற்பதும் இந்த 'டோ'தான். 'சாமுராய்' என்பதோ, மேலோர் அருகிலிருந்து பணிபுரிதல் என்னும் பொருளுடைய பழைய வினைச்சொல் ஒன்றிலிருந்து பிறந்தது. தமிழிலும் இத்தகைய பொருள்வளர்ச்சி உண்டு: ஊழியம் செய்வோனைக் குறிக்கும் 'சேவகன்' என்ற சொல்லே வீரனையும் குறிக்கும், 'சேவகம்' என்பதற்கு வீரம் என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன.

புஷிடோ என்ற சொல் 17ஆம் நூற்றாண்டு நூல்களிலேயே காணப்பட்டாலும், உலகெங்கும் அது பரவியது சாமுராய் வகுப்பு ஒழிக்கப்பட்ட பிறகே. நிதோபே இனாசோ என்னும் அறிஞர் 1900இல், அயல்நாட்டவர்க்கு விளக்கும் நோக்குடன், ஆங்கிலத்தில் எழுதிய நூலே அதற்கு முதற்காரணம். நேர்மை, துணிவு, அருள், மரியாதை, வாய்மை, மானம், பற்றுறுதி ஆகியவற்றை அவர் அந்நெறியின் பண்புகளாக விளக்கினார். வணிகம் சாமுராய்க்கு மிகவும் அயலான தொழிலாக இருந்ததையும், பணத்தைப் பேணுவதே இழிவென அவர்கள் கருதியதையும் அந்நூலே எடுத்துரைக்கிறது.

ஆகவே புஷிடோவும் வணிகமும் இயல்பாகச் சேர்ந்தவை அல்ல. 1876இல் வாள் அணியும் உரிமையும் பரம்பரை ஊதியமும் பறிபோக, அதற்கு ஈடாகக் கிடைத்த கடன்பத்திரங்களை முதலாக வைத்துக் கடை திறந்த முன்னாள் சாமுராய்கள் பலர், வாங்க வந்தவரிடம் தலைதாழ்த்தத் தெரியாமலும் கணக்கு வழக்கு அறியாமலும் நொடித்துப்போயினர். 'ஷிசோகு நோ ஷோஹோ', அதாவது 'சாமுராய் குடியினரின் வணிகம்', என்பது இன்றும் ஜப்பானியத்தில் தேறாத வியாபாரத்தைக் குறிக்கும் மரபுத்தொடர். மிட்சுபிஷியை நிறுவிய இவாசாகி யதாரோ, வாடிக்கையாளரை வணங்கக் கூசிய சாமுராய் குடி ஊழியர் ஒருவரிடம் பொற்காசு வரைந்த விசிறியைக் கொடுத்து, அந்தக் காசை வணங்குவதாக எண்ணிக்கொள்ளச் சொன்னார் என்று ஒரு கதை வழங்குகிறது.

புஷிடோவையும் வணிகத்தையும் கொள்கையளவில் இணைத்தவர் ஷிபுசாவா எயிச்சி (1840–1931). உழவர் குடியில் பிறந்து, சாமுராய் தகுதி பெற்று, பின்னர் அரசுப் பதவியைத் துறந்து 1873இல் ஜப்பானின் முதல் நவீன வங்கியை உருவாக்கிய இவர், ஏறத்தாழ 500 நிறுவனங்களின் தோற்றத்தில் பங்கு கொண்டிருந்தும் தம் குடும்பத்துக்கென ஒரு பெருந்தொழிற் குழுமத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. 2024 முதல் 10,000 யென் தாளில் இருப்பது இவர் உருவமே. 'ஷிகோன் ஷோசாய்' என்ற தொடரை இவர் வலியுறுத்தினார். 'வீரர் உள்ளமும் வணிகர் திறனும்' என்று அதைத் தமிழாக்கலாம். இன்றைய தொழில் தலைமைக்குப் புஷிடோவைப் பொருத்திப் பேசுவோர் தொடங்க வேண்டிய இடம் இதுவென்றே கருதுகிறேன்.

புஷிடோவுக்கு நேர்ச்சொல் எது? 'மறநெறி' சொல்லளவில் அழகானது. 'மறமானம் மாண்ட வழிச்செலவு தேற்றம்' என்று படைக்குரியவற்றை அடுக்கும் குறளில் (766) மறத்தோடு மானமும், முன்னோர் வழியில் நடத்தலும் சேர்ந்தே வருகின்றன. ஆயினும் மறம் என்பதற்குப் பாவம் என்ற பொருளும் இருப்பதால், தொழில்துறை எழுத்தில் அது தடுமாற்றம் தரும். 'மறவர் நெறி' என்றால் சமூகப் பெயராகக் கொள்ளப்படலாம். 'போர்நெறி' என்பது போர் நடத்தும் முறையைக் குறிக்குமேயன்றி வீரனின் ஒழுக்கத்தைக் குறிக்காது. எனவே 'வீரர் நெறி' என்பதே பொருந்தும். முதன்முறை வரும் இடத்தில் 'வீரர் நெறியாகிய புஷிடோ' என எழுதி, பின்னர்த் தமிழ்ச்சொல்லை மட்டும் ஆளலாம். சாமுராய் என்பது ஒரு வகுப்பின் பெயராதலால் அதனை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.